பைக்கில் ஜிபிஎஸ் முரண்டு பிடித்தால்: அறிகுறியிலிருந்து பழுதைப் பிடிக்கும் வழிமுறை

பயணத்தின் நடுவில் வழிகாட்டும் கருவி முரண்டு பிடித்தால் முதல் பழி செயற்கைக்கோள் மேல்தான் விழுகிறது. "சிக்னல் சரியில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த கிளைச்சாலையில் குத்துமதிப்பாகத் திரும்பிவிடுகிறோம். ஒரு மலைப்பயணத்தில் இரண்டு நாள் நானும் அப்படித்தான் நம்பினேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கருவி அணைந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் வானம் மறைவதுதான் காரணம் என்று முடிவு கட்டினேன். கழற்றிப் பார்த்தபோது, கருவியை வண்டியில் மாட்டும் தாங்கியின் உலோக முனைகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. துடைத்ததும் சரியாகிவிட்டது. சிக்னல் போனால் கருவி தேடும், ஆனால் அணையாது. அந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்திருந்தால் இரண்டு நாள் மிஞ்சியிருக்கும்.

அன்றிலிருந்து ஒரு வரிசையை விடாமல் கடைப்பிடிக்கிறேன்: முதலில் மின்சாரம், பிறகு தாங்கி, பிறகு அமைப்புகள், கடைசியில்தான் வானம். கீழே உள்ளவை அறிகுறி வாரியாக வருகின்றன. பைக்குக்கென்றே செய்த கருவிக்கும் ஹேண்டில்பாரில் மாட்டிய கைபேசிக்கும் பெரும்பாலும் ஒரே மருந்துதான். வேறுபடும் இடத்தில் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். 60 கி.மீ. வேகத்தில் இரண்டு விநாடி திரையைப் பார்த்தால் வண்டி 33 மீட்டர் கடந்துவிடுகிறது. எந்தப் பழுதும் அந்த 33 மீட்டருக்கு ஈடாகாது.

ஓடும்போது அணைகிறது, அல்லது மின்சாரம் துண்டிக்கப்பட்டதாக எச்சரிக்கிறது

என் அனுபவத்தில் மிகுதியாக வரும் தொல்லை இதுதான். எஞ்சினை ஓடவிட்டு, வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, திரையிலுள்ள சார்ஜ் சின்னத்தின் மேல் கண்ணை வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒவ்வோர் இணைப்பாக விரலால் மெல்ல அசையுங்கள்: சார்ஜரில் கேபிள் செருகும் இடம், நடுவில் உள்ள இணைப்பு, தாங்கியின் அடிப்பகுதி. எதை அசைக்கும்போது சின்னம் மறைகிறதோ அங்கேதான் பழுது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆட்டினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும்.

அடுத்து ஹேண்டில்பாரை இடப்பக்கம் கடைசிவரை திருப்புங்கள், பிறகு வலப்பக்கம். ஒரு பக்கத்தில் மட்டும் துண்டித்தால் கேபிள் நீளம் போதாமல் இழுபடுகிறது. நேர்ச்சாலையில் நன்றாக வேலை செய்யும் கருவி, வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது மட்டும் அணைவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். ஸ்டீயரிங் கழுத்துப் பகுதியில் கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டிய வயர் நாளடைவில் உறைக்குள்ளேயே அறுந்துபோகும், வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது.

அசைத்தும் திருப்பியும் ஒன்றும் நடக்கவில்லை, ஓட்டினால் மட்டும் அணைகிறது என்றால் அதிர்வைச் சந்தேகியுங்கள். பல தாங்கிகளில் ஸ்பிரிங் வைத்த சிறு முனைகள் கருவியின் பின்புறத்தைத் தொட்டு மின்சாரம் கொடுக்கின்றன. ஒவ்வொன்றையும் நகத்தால் அழுத்திப் பாருங்கள். அழுந்தி எழாமல் சிக்கிக்கொண்டிருக்கும் முனை ஒன்றாவது இருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் முனைகளையும் கருவியின் பின்புறத் தகடுகளையும் துடைத்து உலரவிடுங்கள். உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். மேலே உள்ள பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்கே களிம்பு ஏறும்.

கார்களில் சிகரெட் பற்றவைக்க வைத்த பழைய வகை சாக்கெட்டில் செருகியிருந்தால், பழுது தேடுவதைவிட அதை மாற்றுவதே நல்லது. அதன் நடுவிலுள்ள ஸ்பிரிங் பிளக்கை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். காரில் அது தாங்கும், பைக்கின் அதிர்வில் தாங்காது.

ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தும் நொடியில் மட்டும் அணைந்து எரிகிறதா? ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்னோட்டத்தில் பேட்டரியின் அழுத்தம் சற்று நேரம் இறங்குவதால் வருவது அது, கருவியின் பழுது அல்ல. எஞ்சின் ஓடத் தொடங்கிய பின் கருவியை இணைத்தால் போதும். ஆனால் முன்பு இல்லாமல் இப்போது புதிதாக வந்திருந்தால் பேட்டரி வயதாகிறது என்று பொருள். மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரில் பாருங்கள்: ஓய்விலிருக்கும் நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும், எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை ஏறும்.

ஃப்யூஸ் எரிந்திருந்தால் அதே அளவு ஃப்யூஸையே போடுங்கள். 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் கொடுக்கும் சார்ஜர் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 1 ஆம்பியர்தான் எடுக்கும். 2 அல்லது 3 ஆம்பியர் ஃப்யூஸ் அதற்குத் தாராளம். அதுவும் மறுபடி எரிந்தால் எங்கோ வயர் உரசி உடற்சட்டத்தைத் தொடுகிறது. பெரிய ஃப்யூஸ் போட்டால் அடுத்து எரிவது வயராக இருக்கும், அதுவும் பெட்ரோல் டேங்குக்கு அடியில்.

சார்ஜ் ஏறுவதாகக் காட்டுகிறது, ஆனால் பேட்டரி இறங்குகிறது

பழைய வகை யுஎஸ்பி துளை 0.5 ஆம்பியர் மட்டுமே தரும், அதாவது 2.5 வாட். முழு வெளிச்சத்தில் திரை, ஓயாமல் ஜிபிஎஸ், ப்ளூடூத் மூன்றும் சேர்ந்து அதைவிடக் கூடுதலாகச் சாப்பிடுகின்றன. சார்ஜரை மாற்றும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். மெல்லிய, நீளமான கேபிளில் வழியிலேயே அழுத்தம் குறைந்துவிடும். தடிமனான, குட்டையான கேபிள் பல நேரம் இந்தத் தொல்லையை அன்றே முடித்துவிடும்.

தனிக் கருவியின் திரையில் கணினிப் படம் வந்து வழிகாட்ட மறுத்தால், அது தன்னைக் கணினியோடு இணைத்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறது. தரவு வயர் உள்ள சாதாரண கேபிளைச் செருகியிருப்பீர்கள். அந்தக் கருவிக்கென்று தரப்பட்ட சார்ஜ் கேபிளைப் போடுங்கள்.

கைபேசி ஈரம் இருப்பதாக எச்சரித்து சார்ஜை நிறுத்தினால் அதன் பேச்சைக் கேளுங்கள். ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் துளையின் முனைகள் அரித்துப்போகும். ஊதி உள்ளே தள்ளாமல், துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் தட்டி, காயவிடுங்கள்.

சில நாள் நிறுத்திய வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

சார்ஜரை நேரடியாகப் பேட்டரியில் இணைத்திருக்கிறீர்களா? கருவியைக் கழற்றி எடுத்துவிட்டாலும் சார்ஜருக்குள் உள்ள மின்சுற்று விழித்தே இருக்கிறது. அது 20 மில்லி ஆம்பியர் மட்டுமே எடுப்பதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 0.48 ஆம்பியர் மணி. 8 ஆம்பியர் மணி பேட்டரி எட்டே நாளில் பாதிக்கு வந்துவிடும். இக்னிஷன் சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் பெறும் வயரிலிருந்தோ, சாவியோடு தானே இணைந்து துண்டிக்கும் மின்விசையான ஒரு ரிலே வழியாகவோ மின்சாரம் கொடுங்கள். சாவியை எடுத்ததும் சார்ஜரின் சிறு விளக்கும் அணைய வேண்டும். அணையாவிட்டால் இணைப்பு தவறு.

செயற்கைக்கோளைத் தேடிக்கொண்டே இருக்கிறது

மின்சாரமும் தாங்கியும் சரி என்று உறுதியான பிறகே இங்கே வாருங்கள்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் அலை நம்மை அடையும்போது சுற்றுப்புற இரைச்சலைவிட மெலிந்து போயிருக்கும். இடத்தை உயரத்தோடு கணக்கிடக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். ஒவ்வொன்றும் தான் எங்கே இருக்கிறது என்னும் துல்லியமான குறிப்பை 30 விநாடிக்கு ஒருமுறை ஒலிபரப்புகிறது. அந்தக் குறிப்பு சில மணி நேரத்துக்குத்தான் செல்லுபடியாகும். எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராயமான அட்டவணையை முழுதாக வாங்க 12.5 நிமிடம் ஆகிறது.

இந்த எண்களைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாரக்கணக்கில் அணைத்து வைத்த கருவி, அல்லது அணைத்தபடியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் எடுத்துச் சென்ற கருவி, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் புதிதாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த 30 விநாடிக்குள் ஒரு பாலமோ அடர்ந்த மரமோ குறுக்கே வந்தால் விட்டுப்போன பகுதிக்காக மறுபடி காத்திருக்க வேண்டும். பொறுமையில்லாமல் வண்டியை எடுத்துக் கட்டடங்களுக்கு நடுவே ஓட்டினால் தேடல் நீண்டுகொண்டே போவது அதனால்தான். திறந்த வெளியில் நிறுத்தி, கருவியை உயிர்ப்பித்து, ஹெல்மெட்டும் கையுறையும் போட்டு முடிக்கும்வரை விட்டுவிடுங்கள். கைபேசி இந்தக் குறிப்புகளை இணையத்தின் வழியே முன்கூட்டி வாங்கிவிடுவதால் வழக்கமாக விரைவாகப் பிடிக்கும். இணையம் கிடைக்காத இடத்தில் அதுவும் தாமதிக்கும்.

ஐந்து நிமிடம் திறந்த வானத்தின் கீழ் நின்றும் பிடிக்கவில்லையா? இப்போது சார்ஜர் கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். செயற்கைக்கோள்களின் எண்ணிக்கையும் வலிமையும் சட்டென்று ஏறினால் சார்ஜர்தான் வானொலி இரைச்சலைக் கக்குகிறது. தரமற்ற சார்ஜர்கள் 12 வோல்ட்டை 5 ஆகக் குறைக்கும்போது இதைச் செய்வதுண்டு. கூடுதலாகப் பொருத்திய எல்இடி விளக்குகளும் பயணக் கேமராக்களும் இதே வேலையைச் செய்யும். அவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். ஒரு ரூபாய்கூடச் செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் கருவியைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

கைபேசியில் இன்னும் இரண்டு இடங்கள் பார்க்க வேண்டும். வழிகாட்டும் செயலிக்குத் துல்லியமான இடத்தை அறியும் அனுமதி இருக்கிறதா என்பது ஒன்று. பேட்டரியைச் சேமிக்கும் முறை இயங்கிக்கொண்டிருக்கிறதா என்பது மற்றொன்று. முதல் அனுமதி இல்லாவிட்டால் உங்கள் புள்ளி தெருவில் நிற்காமல் ஒரு பெரிய வட்டமாகப் பரந்து கிடக்கும்.

புள்ளி சரியாக நகர்கிறது, அடியில் சாலைகளே இல்லை, வெறும் சாம்பல் நிறம் மட்டும் தெரிகிறது என்றால் ஜிபிஎஸ் வேலை செய்கிறது, வரைபடம்தான் இல்லை. கிளம்பும் முன் அந்தப் பகுதியின் வரைபடத்தைப் பதிவிறக்கி வைத்திருந்தால் இணையமே தேவையில்லை.

பக்கத்துச் சாலையில் நிற்பதாகக் காட்டுகிறது

உயர்ந்த கட்டடங்களுக்கும் பாறைச் சுவர்களுக்கும் நடுவே அலைகள் மோதித் தெறித்து, சுற்றி வந்து சேர்கின்றன. வந்து சேர்ந்த நேரத்தை வைத்தே தூரம் கணக்கிடப்படுவதால் சுற்றி வந்த அலை கருவியை ஏமாற்றிவிடும். அமைப்புகளில் குளோனாஸ், கலிலியோ, பெய்டூ போன்ற மற்ற வழிகாட்டும் செயற்கைக்கோள் தொகுதிகளையும் சேர்க்க வழி இருந்தால் சேருங்கள். நேராக வரும் அலைகள் கூடும். கருவி வானத்தைப் பார்க்கும்படி சற்று மல்லாத்தி வைப்பதும் உதவும்.

மேம்பாலமும் அதன் அடிச்சாலையும் மட்டும் விதிவிலக்கு. ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும் சாலைகளை எந்தக் கருவியும் தடுமாறியே பிரித்தறிகிறது. அங்கே பலகையை நம்புங்கள்.

நின்றால் அம்பு சுற்றுகிறது

ஜிபிஎஸ் சொல்வது இடத்தையும் நகர்வையும்தான். நின்றுவிட்ட வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. கைபேசி அந்தக் குறையைத் தன் காந்தத் திசைகாட்டியால் நிரப்ப முயல்கிறது. காந்தத்தால் டேங்கில் ஒட்டும் பையோ காந்தத் தாங்கியோ அருகில் இருந்தால் திசைகாட்டி குழம்பிவிடும். காந்தத்தை விலக்கி, கைபேசியைக் கையில் எடுத்துக் காற்றில் எட்டு வடிவில் சில முறை சுழற்றுங்கள். ஓடத் தொடங்கியதும் அம்பு தானாகச் சரியானால் வேறெதையும் தொட வேண்டாம்.

திரும்பிப் போகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது, அல்லது நான் வரைந்த பாதையில் போவதில்லை

கருவியைத் திட்டித் தீர்ப்பவர்களில் பாதிப் பேரின் கோபம் இங்கேதான் பிறக்கிறது. ஆனால் இங்கே கருவி சொன்னதைத்தான் செய்கிறது.

கணினியில் வரைந்து ஜிபிஎக்ஸ் கோப்பாக மாற்றும் பாதைக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ரூட் என்பது சில புள்ளிகளின் பட்டியல் மட்டுமே. புள்ளிகளுக்கு நடுவே எந்தச் சாலையில் போவது என்பதைக் கருவி தன் வரைபடத்தையும் தன் விருப்பங்களையும் வைத்துத் தானே முடிவு செய்கிறது. டிராக் என்பது வழி நெடுக இட்ட அடிச்சுவடு. அது மாறாது, ஆனால் பல கருவிகளில் அதற்குத் திருப்பங்களைச் சொல்லும் குரல் வராது. நீங்கள் அனுப்பியது ரூட்டாக இருந்து, கணினியின் வரைபடமும் கருவியின் வரைபடமும் வெவ்வேறு பதிப்பாக இருந்தால் பாதை மாறத்தான் செய்யும். இரண்டையும் அனுப்பி, ரூட்டை ஓட்டியபடி டிராக்கைத் திரையில் ஒரு கோடாகக் காட்டவிடுவது என் வழக்கம். இரண்டும் பிரியும் இடத்தில் எதை நம்புவது என்று நானே முடிவு செய்கிறேன்.

அடுத்தது புள்ளிகளின் தன்மை. கட்டாயம் தொட வேண்டிய புள்ளி ஒரு வகை, பாதையை வளைத்துவிட மட்டும் வைக்கும் புள்ளி இன்னொரு வகை. முதல் வகையை நீங்கள் தவறவிட்டால், 40 கி.மீ. தாண்டிய பிறகும் திரும்பி வரச் சொல்லும். உணவுக்கும் எரிபொருளுக்கும் நிற்கும் இடங்களை மட்டும் முதல் வகையாக வைத்து, மற்றதையெல்லாம் இரண்டாம் வகையாக மாற்றுங்கள். வழியில் ஏற்கெனவே சிக்கிக்கொண்டிருந்தால் அடுத்த புள்ளிக்குத் தாவும் கட்டளை மெனுவில் இருக்கும். கிளம்பும் முன் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று விரலுக்குப் பழக்கிவையுங்கள்.

புள்ளியை வைக்கும் இடமும் முக்கியம். வரைபடத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து வையுங்கள். நடுவில் தடுப்புள்ள சாலையில் எதிர்ப்பக்கத் தடத்தின் மேல் புள்ளி விழுந்தால் அதைத் தொட்டுவர உங்களை ஊர் சுற்றவைக்கும். சந்திப்பின் மேல் வைத்தால் கிளைச்சாலைக்குள் நாலடி போய்த் திரும்பச் சொல்லும். சந்திப்பைத் தாண்டி, நீங்கள் போக விரும்பும் சாலையின் நடுப்பகுதியில் வையுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் மண் பாதைக்கு இழுத்துச் சென்றால் தவிர்ப்புகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். முந்தைய பயணத்தில் நெடுஞ்சாலையைத் தவிர்க்கச் சொல்லியிருப்பீர்கள், அது இன்னும் அப்படியே இருக்கும். விரைவான வழிக்குப் பதிலாகக் குறுகிய தூரம் தேர்வாகியிருந்தாலும், வளைவான சாலைகளை விரும்பும் முறை இயங்கினாலும் இதே கதிதான்.

திரை தெரியவில்லை, தொட்டால் கேட்கவில்லை, தொடாமலே கேட்கிறது

வெயிலில் திரை முழுக் கறுப்பாகத் தெரிந்தால் குளிர்கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள். போலராய்டு கண்ணாடி பல எல்சிடி திரைகளின் ஒளியை ஒரு கோணத்தில் அப்படியே மறைத்துவிடும். கைபேசியை நெடுக்கிலிருந்து படுக்கைக்கு மாற்றினாலே தெரியத் தொடங்கும்.

இன்றைய தொடுதிரைகள் விரலின் மின்கடத்தும் தன்மையை உணர்பவை. தடித்த கையுறை அதைத் தடுக்கிறது. மழைத்துளியோ விரலைப் போலவே நடித்துத் தானே பொத்தான்களை அழுத்துகிறது. கையுறைக்கென்று உள்ள முறையை இயக்கினால் உணர்திறன் கூடும், ஆனால் மழையில் பொய்த்தொடுகைகளும் சேர்ந்து கூடும். மழை தொடங்கியதும் அதை அணையுங்கள். பாதையை முன்பே போட்டுத் திரையைப் பூட்டிவிட்டுக் குரலை மட்டும் கேட்டுப் போவதே மழைக்கு ஏற்ற முறை.

கருவியில் நீர், தூசு தாங்கும் தரக்குறியாக ஐபி67 என்று எழுதியிருந்தால் அசையாத நீரில் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். பைக் கழுவும் நீர்ப்பீச்சியின் அழுத்தத்துக்கு அது உத்தரவாதம் அல்ல. கழுவும் முன் கழற்றிவிடுங்கள்.

ஹெல்மெட்டில் குரல் வரவில்லை, அல்லது முதல் சொல் விழுங்கப்படுகிறது

ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு தடம், அழைப்புக்கு இன்னொரு தடம். ஹெல்மெட்டில் பொருத்திய ஒலிக்கருவியான இன்டர்காம் அழைப்புத் தடத்தில் மட்டும் இணைந்திருந்தால் தொலைபேசி பேசும், வழி சொல்லாது. இணைப்பு விவரத்தைத் திறந்து இரண்டும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். குழப்பம் முற்றியிருந்தால் கைபேசி, கருவி, இன்டர்காம் மூன்றிலும் பழைய இணைப்புகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஒவ்வொன்றாக இணையுங்கள். ஒன்றில் மட்டும் அழிப்பது பயன் தராது.

"வலப்பக்கம் திரும்பவும்" என்பது "திரும்பவும்" என்று மட்டும் கேட்டால், இன்டர்காம் உறக்கத்திலிருந்து எழுவதற்குள் முதல் சொல் போய்விடுகிறது. பின்னணியில் மெல்லிய பாட்டை ஓடவிட்டால் தடம் விழித்தே இருக்கும். திரை அணைந்த சிறிது நேரத்தில் குரலும் நின்றுவிட்டால், கைபேசி அந்தச் செயலியைப் பின்னணியில் முடக்குகிறது. பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து அதற்கு விலக்குக் கொடுங்கள்.

சூடேறி மங்குகிறது, அல்லது சார்ஜ் நிற்கிறது

பல கைபேசிகளுக்குத் தயாரிப்பாளர்கள் கூறும் சுற்றுப்புற வெப்ப எல்லை 35 டிகிரி செல்சியஸ். நேர் வெயிலில் முழு வெளிச்சத்தோடு சார்ஜும் ஏற்றினால் அந்த எல்லையைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. உறையைக் கழற்றுங்கள், கம்பியில்லா சார்ஜை விட்டுக் கேபிளுக்கு மாறுங்கள், நிழலில் நிறுத்துங்கள். குளிர்ந்த நீரிலோ குளிர்பெட்டியிலோ வைக்கவே கூடாது. உள்ளே நீராவி படியும்.

கைபேசிக் கேமரா மங்கலாகிவிட்டது

இது வழிகாட்டுதலின் பழுது அல்ல என்றாலும் சொல்லாமல் விட மனமில்லை. படம் ஆடாமல் எடுக்க லென்ஸை மிதக்கவிடும் நுட்பம் எஞ்சினின் அதிர்வில் கெட்டுப்போகலாம் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. கெட்ட பிறகு அமைப்புகளில் செய்வதற்கு ஒன்றுமில்லை. அதிர்வை உறிஞ்சும் ரப்பர் அடுக்குள்ள தாங்கியை முதல் நாளே வாங்குங்கள். இல்லையென்றால் பழைய கைபேசி ஒன்றை வழிகாட்டலுக்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

வேகமும் தேதியும் ஒத்துப்போகவில்லை

வண்டியின் வேகமானி ஜிபிஎஸ்ஸைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டுவது இயல்பு. உண்மை வேகத்துக்குக் குறைவாகக் காட்டக் கூடாது என்பதால் தயாரிப்பாளர்கள் கூட்டியே அமைக்கிறார்கள். நேரான, சமமான சாலையில் சீராக ஓட்டும்போது ஜிபிஎஸ் எண்ணை நம்பலாம்.

பழைய கருவி ஏறத்தாழ 20 ஆண்டு முந்தைய தேதியைக் காட்டினால் பதற வேண்டாம். ஜிபிஎஸ் வாரங்களை 1024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படித் திரும்பியது, அடுத்தது 2038 நவம்பரில். மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால் சரியாகும். இல்லாவிட்டாலும் பல கருவிகளில் இடம் சரியாகவே இருக்கும், சேரும் நேரமும் பயணப் பதிவுகளும் மட்டும் பிசகும்.

எதற்கும் மசியவில்லை என்றால்

முதலில் முழுதாக அணைத்து உயிர்ப்பியுங்கள். பிறகு மென்பொருளையும் வரைபடத்தையும் புதுப்பியுங்கள், நினைவகத்தில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவது கடைசி வழி. அதற்கு முன் சேமித்த இடங்களையும் பாதைகளையும் கணினியில் நகலெடுத்துக்கொள்ளுங்கள், அழிந்தால் மீளாது. பழுதுபார்க்கக் கொடுப்பதானால் ஒரு தாளில் நான்கு விவரங்கள் எழுதிக் கொடுங்கள்: எஞ்சின் ஓடும்போதா நிற்கும்போதா, சார்ஜர் இருக்கும்போதா இல்லாதபோதா, வெயிலிலா மழையிலா, எத்தனை நிமிடத்தில். தாங்கியையும் கேபிளையும் சேர்த்தே கொண்டுபோங்கள்.